நிழலுக்கு எடுத்த அளவு

தலைமுடி முழுவதும் கொட்டித் தீர்ந்த செவ்வாய்க்கிழமையன்று, கொசுறு என்று எல்லோரும் கூப்பிட்ட எட்டு வயதுச் சிறுமியின் நிழலிலிருந்து ஒரு முடிகூடக் கொட்டவில்லை. மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்தபோது, அவள் மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவள் நிழல் இடுப்பு வரை தொங்கிய இரட்டைப் பின்னலோடு சுவரில் விழுந்தது. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் இது தெரியவந்ததற்குக் காரணம் ஓர் அச்சடித்த தாள். தாயும் குழந்தையும் சேர்ந்து செய்ய வேண்டியவை என்று தலைப்பிட்டு, ஆலோசகர் எல்லா அம்மாக்களுக்கும் அதைக் கொடுத்திருந்தார். சோப்புக் குமிழி ஊதுவது, காகிதக் கப்பல் மடிப்பது என்று மொத்தம் பன்னிரண்டு. “பத்து மாசம் வயித்துல ஒட்டிக்கிட்டு இருந்தவளை இப்ப இவங்க பசை போட்டு ஒட்டவைக்கறாங்க” என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் ஏழாவதாக இருந்த நிழல் விளையாட்டுக்காகச் சுவருக்கு நேரே விரல்களை மடித்தாள். நாய் வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் பின்னல் ஆடியது. “மருந்து எனக்குத்தானே ஏத்தினாங்க, அதுக்கு ஏத்தலையே” என்றாள் கொசுறு. டாக்டர் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தும் அந்தப் பேச்சில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு அம்மா சீப்பைச் சுவரில் வைத்துச் சீவினாள். சிக்கு எடுபட்டது, பின்னல் அவிழ்ந்து மறுபடி பின்னப்பட்டது, இழுத்துச் சீவினால் கட்டிலில் இருந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவள். அங்குலம் என்பது ஊர் அவளுக்கு வைத்த பெயர். வளரும் பிள்ளைக்கு அளவாகத் துணி தைப்பது அவளுக்கு அறவே ஆகாது. எந்தக் கவுனானாலும் கீழ்விளிம்பில் நான்கு விரல் துணியை உள்பக்கமாக மடித்து விட்டுத்தான் தைப்பாள். வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்து இறக்கினால் ஒரு கவுன் மூன்று வருஷம் ஓடும். அச்சடித்த தாளின் பன்னிரண்டும் ஒரே வாரத்தில் சலித்துப்போகவே, அவள் கடைத் துணியை வார்டுக்கே கொண்டுவந்தாள். குத்தினால் இரத்தம் நிற்காது என்பதால் குழந்தை கையில் ஊசி கூடாது என்று பெரிய நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அளவு நாடா பிடிப்பதும் சாக்கட்டியால் கோடு போடுவதும் கொசுறின் வேலை, தைப்பது அம்மாவின் வேலை என்று ஆனது. மடிப்புக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டே போடும் அளவுக்குக் கொசுறு தேறினாள்.

மற்ற பிள்ளைகளின் நிழல்களும் இதைப் பார்த்துத் துணிந்துவிட்டன. எதிர்க்கட்டிலில் ஒன்பது வயது ஹாரன் இருந்தான். அவன் குரல் அப்படி. அவன் அம்மா பேருந்து நடத்துனர், பணிக்குப் போகாத நாளிலும் விசில் கழுத்தில் தொங்கும். அவன் நிழல் கட்டிலை விட்டு ஓடி, ஜன்னல் வரை போய்த் திரும்பியது. அம்மாக்கள் மாதாமாதம் நிழல்களின் உச்சந்தலைக்குச் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். நோய்க் குறிப்பேட்டில் ஏழு மாதமாக அதே உயரத்தில் இருந்த கொசுறு, சுவரில் மூன்று விரல் வளர்ந்திருந்தாள். மருத்துவமனைச் சுவரில் மருத்துவமனைக்குத் தெரியாமல் யாரும் வளரக் கூடாது என்று கண்காணிப்பாளர் உத்தரவு போட்டு, ஒரு பெரிய இரும்பு பீரோவைக் கொண்டுவந்து சுவரை மறைத்தார். மறுநாள் மூன்றே முக்காலுக்கு நடத்துனர் இரண்டு விசில் ஊதினாள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. ஏழு அம்மாக்கள் சேர்ந்து தள்ளிய பீரோ தாழ்வாரம் முழுக்கப் போய்க் கண்காணிப்பாளர் அறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் உள்ளே இருந்தார். நான்கு மணி வெயில் முடியும் வரை யாருக்கும் அவர் கதவைத் தட்டியது கேட்கவில்லை.

அடுத்த மாதம் கொசுறுக்குக் காய்ச்சல் வந்தது. எதிர்த்து நிற்க இரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லை. பதினோராம் நாள் டாக்டர் அங்குலத்தைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். திரும்பி வந்தவள் மஞ்சள் துணியை எடுத்து, மகளுக்கு ஒரு கவுன் வெட்டித் தைத்தாள். மறுநாள் மதியம் கொசுறு கண்விழித்து, கவுனை வாங்கி, பழக்கத்தில் கீழ்விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள்.

“அம்மா, மடிப்பு எங்க?”

அங்குலம் போர்வையை இழுத்து மகளின் காலை மூடினாள்.

“அளவா வெட்டிட்டியா?”

“துணி பத்தலடி கண்ணு.”

மீந்த மஞ்சள் துணி கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

“நான் இதைப் போட மாட்டேன். இது வளராத பிள்ளைக்குத் தச்சது.”

இருபது வருஷத் தொழிலில் அங்குலம் அப்படிக் கூனிக்குறுகிப் போனதில்லை. தன் கை தனக்குத் தெரியாமலே மகளைக் கைவிட்டுவிட்டதை அந்தக் கை தைத்த துணியிலேயே கண்டாள். மன்னிப்பு கேட்கவில்லை, நான்கு மணிக்காகக் காத்திருந்தாள். வெயில் வந்ததும், உட்காரத் தெம்பில்லாத பிள்ளையை மார்போடு அணைத்து நிமிர்த்திக்கொண்டாள். சுவரில் நிழல் யார் தயவும் இல்லாமல் நேராக நின்றது. நாடாவின் ஒரு முனையைக் கொசுறு பிடிக்க, மறுமுனையை நிழலின் தோளில் வைத்து அளந்தாள். மஞ்சள் கவுனைப் பிரித்தாள், கட்டிலடித் துணியை ஒட்டுக் கொடுத்து மறுபடி தைத்தாள், மடிப்புக்கு நான்கு விரல் அல்ல, ஒரு சாண் விட்டாள். அன்று மாலையே போட்டுக்கொண்ட கவுன் பாதத்தையும் தாண்டிக் கட்டிலில் புரண்டது.

“தடுக்கி விழப்போறா” என்றார் பெரிய நர்ஸ்.

“வளர்ந்துக்குவா” என்றாள் அங்குலம்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மருந்தால் விட்டது என்று டாக்டர் குறிப்பேட்டில் எழுதினார். அதுவும் உண்மைதான்.

அடுத்து ஹாரனுக்கு வந்த காய்ச்சல் அப்படி விடவில்லை. அதே மருந்து, அதே டாக்டர், மடிப்பு விட்டுத் தைத்த அரைக்கால் சட்டை, எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை அவனைக் கொண்டுபோனார்கள். அவன் அம்மா காலியான கட்டிலில் உட்கார்ந்து, வார்டே நடுங்கும்படி அழுதாள். எழுந்து போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான்கு மணிக்கு வெயில் வந்தது, கூடவே ஹாரனின் நிழலும் வந்து ஜன்னலை நோக்கி ஓடியது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விசிலை எடுத்து, ஒரு தடவை ஊதி நிறுத்தாமல், இரண்டு தடவை ஊதினாள்.

ஒன்பது வருஷத்தில் அந்தச் சுவருக்கு மூன்று முறை வெள்ளையடித்தார்கள். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவர், படுக்கைகளையும் பீரோவையும் எழுதும் பதிவேட்டில் நிழல் ஒன்று என்றும் சேர்த்துக்கொண்டார். கொசுறு பதினோரு வயதில் மஞ்சள் கவுனுக்குச் சரியானாள், பதிமூன்றில் அதன் மடிப்பை இறக்கினாள். பதினேழாவது வயதில், அம்மாவின் கடையில் ஊசி பிடிக்கும் அவளை வருடாந்திரப் பரிசோதனை முடித்து அனுப்பினார்கள். அவள் வீட்டுக்குப் போகாமல் நாடாவோடு வார்டுக்கு வந்தாள், அன்று வியாழக்கிழமை. நடத்துனர் போன வருஷத்துக் கால்சட்டையோடு முன்பே வந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் தைத்ததைச் சுவர்மேல் பிடித்தால் போதும், ஹாரன் போட்டுக்கொள்வான். அடுத்த அளவுக்கு நாள் நெருங்கியதும் பழையது கழன்று கீழே விழும். துவைக்க எடுத்துப் போனால் முழங்கால் தேய்ந்திருக்கும். நிழலுக்கு இப்போது மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. கொசுறு நாற்காலிமேல் ஏறி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தாள்.

“எவ்வளவு விடட்டும் அத்தை?”

“பதினெட்டு ஆச்சு. இனிமே எவ்வளவு வளரப்போறான்” என்றாள் நடத்துனர்.

கொசுறு சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மடிப்புக்கு ஒரு சாண் விட்டுக் கோடு போட்டாள்.