வியாழக்கிழமைக்கு ஓர் அடைமொழி

எங்கள் மீன்வள அமைச்சர் எவரிஸ்ட் ஷார்ல்மானின் கார், வியாழன் மாலையானால் அவருடைய சிநேகிதி ஒடிலின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும். அதுவும் அரசாங்க நம்பர் பிளேட்டோடு. அந்நேரம் தெருவே கடலைப் பார்க்கத் திரும்பிவிடும். மினிபஸ்காரர்கூடப் பாட்டைக் குறைத்துக்கொண்டு போவார். சின்னத் தீவில் ஒளிய ஏது இடம்? பார்க்காததுபோல் இருப்பதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை.

எதிர்க்கட்சிப் பத்திரிகைக்கு அந்த மரியாதை கிடையாது. தேர்தல் நேரம் பார்த்து, 'கிளாண்டெஸ்டின்' வருகைகள் என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. கள்ளத்தனமானவை என்று அர்த்தம். அமைச்சரின் பத்திரிகைச் செயலாளர் நான். மறுப்பு எழுதியாக வேண்டும்.

"நானா கள்ளன்? வேற வார்த்தை போடு, கிளாரிஸ்!" என்று குதித்தார்.

"'பிரைவேட்'னு போடலாமா சார்?"

"ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு."

"'டிஸ்கிரீட்'? நாசூக்கா போய்ட்டு வந்தீங்கன்னு..."

"அப்பவும் ஒளிச்சேன்னுதானே ஆகுது? 'ஓப்பன்'னு போடும்மா. ஊரே பாக்கத்தான் போனேன்!"

"சார், வீட்டுல மேடம் படிப்பாங்களே."

"அவளுக்குத் தெரியாததா? எழுது."

அப்படியே எழுதினேன். வானொலியும் வாசித்தது.

சனிக்கிழமை, அமைச்சகத்துக்கு எதிரே சந்தை கூடிய நேரம், அவர் மனைவி யூடோரா அம்மாள் திறந்த லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். தலையில் தேவாலயத்துக்குப் போடும் தொப்பி. பின்னால் கயிற்றில் அமைச்சரின் கோட்டுகள், இஸ்திரி கலையாமல். கூடவே அமைச்சரின் தொப்பியும். சந்தை பழக்கதோஷத்தில் கடல் பக்கம் திரும்பியது.

அவர் ஹாரனை அமுக்கினார். "இந்தப் பக்கம் பாருங்கய்யா! ஒடில் வீட்டுக்குத்தான் கொண்டுபோறேன். இனிமே பாக்கலாம். அவரே சொல்லிட்டாரு."

அமைச்சர் படியிறங்கி ஓடினார். "யூடோரா, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"தெரியும். வியாழக்கிழமைன்னா மீட்டிங்னு இத்தனை வருஷமா ஊருக்குச் சொன்னது யாரு? நான்தானே. நீங்க ஒளிச்ச வரைக்கும் எனக்குன்னு ஒரு மானம் இருந்துச்சு. அதையும் ரேடியோவுல ஏத்திட்டீங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வீட்டுல போய்ப் பேசலாம், வா."

"எதுக்கு, ஒளிஞ்சு பேசவா?"

லாரி நகர்ந்தது. மினிபஸ்காரர் பாட்டைச் சத்தமாக வைத்தார். சந்தை மொத்தமும் முதல் தடவையாக அமைச்சரை நேருக்கு நேர் பார்த்தது. அவர் முகத்தை மறைக்கத் தன் தொப்பியைத் தேடினார். அது லாரியில் போய்க்கொண்டிருந்தது.