யாருடைய கிரைண்டர்

அப்பாத்துரை அண்ணாச்சியின் கடை வண்ணார்பேட்டையில் இருக்கிறது. மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் விற்கிறோம். நான் பில் போடுகிறேன். இயற்பியல் படித்தவள் என்பதால் மோட்டார் பற்றி யாராவது கேட்டால் அண்ணாச்சி என்னைக் கைகாட்டுவார். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்வேன்.

மேலப்பாளையம் ஷரீபா பீவி, மாவு அரைத்து விற்பதற்காக ஒரு பெரிய கிரைண்டரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அதை எங்களிடம் வாங்கப் போவது அவர் ஊர் வட்டியில்லாச் சங்கம். வாங்கிய பிறகு கொஞ்சம் லாபம் வைத்து அவருக்குத் தவணையில் விற்பார்கள். புதன்கிழமை சங்கத்திலிருந்து யாசர் என்பவர் வந்து பொருளை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமையே எங்கள் வண்டி மேலப்பாளையம் போனது. எப்படியும் அங்கேதானே போகப்போகிறது என்று கிரைண்டரையும் ஏற்றி, ஷரீபா பீவி வீட்டில் இறக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை யாசர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"கிரைண்டர் எங்க?"

"நேத்தே அவங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாங்க இன்னும் வாங்கலையே. எங்க கைக்கே வராத பொருள நாங்க எப்படி விக்க?"

"இப்ப பணம் குடுத்திருங்க. பில் உங்க பேர்லதான் இருக்கு."

"பில்லு பேப்பர்தான. பொருள் எங்க பொறுப்புக்கு வரணும், பெறகு விக்கணும். இல்லன்னா சும்மா பணத்தக் குடுத்து மேல வாங்குனதாயிரும். அது வட்டி."

அதே கிரைண்டர். அதே விலை. போய்ச் சேர வேண்டிய அதே வீடு. எதுவும் மாறவில்லை. பிறகு என்ன மாறியது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழாமலே, "நீ அனுப்புனதுதான, நீயே போயி சரி பண்ணிட்டு வா. ரெக்சனக் கூட்டிக்கோ" என்றார். ரெக்சன் எங்கள் டெம்போ டிரைவர்.

யாசரோடு நாங்கள் போனபோது, ஷரீபா பீவி விடியற்காலையிலேயே அரைத்து முடித்திருந்தார். அண்டாக்களில் மாவு பொங்க ஆரம்பித்திருந்தது. ஜங்ஷன் இட்லிக் கடைக்காரர் சாயங்காலம் வாங்க வருகிறாராம். இதுதான் முதல் ஆர்டர். பிடித்துப்போனால் தினமும் வாங்குவார்.

யாசர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா கிரைண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் அரைச்சது யாரு கிரைண்டர்ல?"

"கடைக்காரரு கிரைண்டர்ல சாச்சி. உங்ககிட்ட அமானிதமா இருந்திருக்கு."

"பத்திரமா வச்சிருக்க வேண்டிய பொருள்ல கைய வச்சிட்டனா?" அண்டாக்களை ஒவ்வொன்றாக மூடினார். "இத நான் விக்க மாட்டேன் தம்பி."

"இட்லிக் கடைக்காரரு வந்தா?" என்றார் யாசர்.

"வேற ஆளப் பாத்துக்கிடட்டும்." சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குத் தெரியாமல் நடந்தது. செய்தவள் நான். ஆனால் அண்டாவை மூடுகிறவர் அவர்.

யாசர் அண்ணாச்சிக்குப் போனிலேயே பணம் அனுப்பினார். கிரைண்டரை வெளியே தூக்கி டெம்போவில் ஏற்ற வேண்டும். அங்கே அவர் பொறுப்பேற்பார். பிறகு உள்ளே கொண்டுவந்து விற்பார்.

"வெளிய தூக்கி, திரும்ப உள்ள தூக்கணுமா?" என்றான் ரெக்சன். "கிரைண்டருக்கு ஊர்வலமாக்கா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஏற்றினார்கள். யாசர் அதன்மேல் கையை வைத்து, "இப்ப இது சங்கத்துது" என்றார். பிறகு அவரும் ரெக்சனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாய்த்து வைத்த பலகை வழியாக இறக்க ஆரம்பித்தார்கள்.

"பைய லே, பைய" என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பலகை சரிந்தது. கிரைண்டர் கவிழ்ந்து கல் இரண்டாகப் பிளந்தது.

முதலில் பேசியது ஷரீபா பீவிதான். "எனக்கு வித்துட்டேன்னு வச்சுக்கோ தம்பி. நான் தவணையக் கட்டிருதேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது."

யாசரின் முகம் வெளிறியிருந்தது. "விக்கலையே சாச்சி. எங்க கையிலதான ஒடஞ்சுது. எங்க நஷ்டம்."

விற்றேன் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். மறுக்க யாரும் இல்லை. அவர் சொல்லவில்லை.

கிரைண்டரை வீட்டுக்குள்ளேயே விட்டிருந்தால் கல் உடைந்திருக்காது. நான் முறைப்படி செய்திருந்தாலும் உடைந்திருக்காதோ என்னவோ. விற்ற மறுநிமிடம் உடைந்திருந்தால் இந்த அம்மா உடைந்த கல்லுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். இதில் எதற்கு நான் வருத்தப்பட வேண்டும் என்று பிடிபடவில்லை.

"மாவுக்கு மட்டும் ஒரு வழி இருக்கு சாச்சி," என்றார் யாசர். "அரைச்சப்ப யாரு பொருளோ, அவுக பொருந்திக்கிடணும்."

மனம் ஒப்பி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அர்த்தமாம். அண்ணாச்சிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"என்னத்தப் பொருந்தணும்?" என்றார் அண்ணாச்சி. "கல்லு ஒடஞ்சுதாமே, ரெக்சன் சொன்னான். அது யாரு தலையில?"

"சங்கத்துக்கு அண்ணாச்சி."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்காங்க?"

"அரைக்கும்போது அது நம்ம கிரைண்டர்."

"அனுப்புனது நீதான?"

"ஆமா அண்ணாச்சி. அவங்களுக்குத் தெரியாது. நீங்க சம்மதிச்சாதான் மாவ விப்பாங்களாம்."

"சரி, வித்துக்கிடட்டும்."

ஷரீபா பீவி என் தோளைத் தொட்டார். "மனசோடயான்னு கேளு புள்ள."

அண்ணாச்சியிடம் நான் சம்பளத்தைக்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "மனசோடதான் சொல்லுதேன் தாயி. கெட்டுப் போறதுக்குள்ள விக்கச் சொல்லு."

ஷரீபா பீவி அண்டாக்களைத் திறந்தார். இட்லிக் கடைக்காரர் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டார். விரலில் எடுத்து ருசி பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கொறவு. நாளைக்கும் தாரீயளா?"

ஷரீபா பீவி யாசரைப் பார்த்தார். "இன்னொண்ணு வாங்க சங்கத்துலதான் கேக்கணும் சாச்சி," என்றார் அவர் மெதுவாக.

"தாரேன்," என்றார் ஷரீபா பீவி கடைக்காரரிடம். "எதுல அரைக்கப் போறேன்னு மட்டும் கேக்காதிய."

ரெக்சன் உடைந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, இத நம்ம வண்டியில ஏத்தவா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. யாசரிடம் கேட்கச் சொன்னேன்.