கேட்கப்படாத கப்பல்கள்

பம்பாயில் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்கக் கிட்டுவுக்கு இருபத்தேழு வருஷம் பிடித்தது. ரயில்வே ஆபீஸில் இருந்த காலத்தில் எந்த ஃபைலையும் மூன்று நாளுக்கு மேல் மேஜையில் தூங்கவிடாத மனிதர் அவர். இந்த ஒரு காரியத்தை மட்டும் மழை நிற்கட்டும், பெண் கல்யாணம் முடியட்டும், கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டே எழுபத்திரண்டு வயதாகிவிட்டது. சாக்குச் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

காரியம் இதுதான். அவருடைய அப்பா அனந்தகிருஷ்ணன் சாகக் கிடந்தபோது, "தாராவியில தோல் பதனிடற ஷாப்புல தளவாய்னு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடு" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார். கிட்டு சரி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். போன வாரம் பேச்சிராஜா என்று ஒருவன் போன் செய்தான். குர்லாவில் லேத் பட்டறை வைத்திருப்பவன், தளவாயின் பேரன். பழைய குரூப் போட்டோவின் பின்பக்கம் எழுதியிருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு தேடி வந்திருக்கிறான். கப்பற்படை வேலைநிறுத்தத்துக்கு இந்த மாசத்தோடு எண்பது வருஷம், இரண்டு குடும்பமும் சேர்ந்து விழா எடுக்கலாம், நீங்கள் பேச வேண்டும் என்றான். தாத்தா இரண்டாயிரத்து நாலில் போனார் என்றும் சொன்னான். அப்பா போனது தொண்ணூற்றொன்பதில். ஐந்து வருஷம் அந்த மனிதர் நடக்கிற தூரத்தில் உயிரோடு இருந்திருக்கிறார்.

சந்து முனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தளவாயும் அனந்தகிருஷ்ணனும் தோளோடு தோள் உரசிச் சிரித்தார்கள். அதன் அடியில் குனிந்து நுழையும்போது கிட்டுவுக்குக் கூசியது.

மாடி அறையில் மாலதி சாய் கொடுத்தார். தளவாயின் மகள், பேச்சிராஜாவின் அம்மா. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"எங்கய்யா சாகுற வரைக்கும் கொடி ஏத்துற இடத்துக்குப் போனதில்ல சார்," என்றார். "எல்லாக் கப்பல்ட்டயும் கேட்டோம், ஒருத்தனும் கூட வரலன்னுட்டானுவ, அப்படிம்பாவ. எழுவத்தி நாலுல தோல் ஷாப்புல ஸ்டிரைக். சந்தே வெளிய நின்னுச்சு. எங்கய்யா மட்டும் உள்ள போனாவ. நாளைக்கு எவன் கூட நிப்பான்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் போனாவ. அன்னையிலருந்து நான் கருங்காலி மவ. குழாயடியில என் குடத்த எட்டி உதைப்பாளுவ. எதுத்த வீட்டு உதுமான் அண்ணன் இன்னும் இந்தப் படி ஏறல."

கிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். இதற்கு மேல் தள்ளிப்போட ஒரு சாக்கும் மிச்சமில்லை.

"கேட்கவே இல்லைம்மா. எங்கப்பா யார்கிட்டயும் கேட்கலை."

கப்பற்படை வேலைநிறுத்தத்தின் அந்த ஐந்து நாள் கதை மாலதிக்கு மனப்பாடம். வெள்ளைக்காரனின் படையிலிருந்த நம் ஊர்ப் பையன்கள் கப்பல்களைப் பிடித்துக்கொண்டார்கள், பீரங்கிகளைத் திருப்பி வைத்தார்கள். தலைவர்கள் சொல்லியனுப்பினார்கள்: சுதந்திரம் பேச்சுவார்த்தையிலேயே வரப்போகிறது, ஆயுதத்தைக் கீழே வையுங்கள், யாரையும் தண்டிக்க விடமாட்டோம். வேலைநிறுத்தக் கமிட்டி ஒத்துக்கொண்டது. சரணடையும் செய்தியை விடிகாலையில் கரையிலிருந்து விளக்குச் சைகையால் எல்லாக் கப்பலுக்கும் அனுப்பியவர் அனந்தகிருஷ்ணன். தளவாய் பீரங்கியில் நின்ற கப்பல் மட்டும் பதில் அனுப்பியது: 'நாங்கள் இணங்கவில்லை. எங்களோடு நிற்பவர் யார்? எல்லாக் கப்பலையும் கேட்டுச் சொல்.'

"அப்பா 'கிடைத்தது'ன்னு விளக்கு காட்டினார்," என்றார் கிட்டு. "அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தார். அப்புறம், 'யாரும் இல்லை'ன்னு அனுப்பிட்டார்."

மாலதி ஒரு அடி முன்னால் வந்தார்.

"கேட்டிருந்தா?"

"ரெண்டு கப்பல் வந்திருக்கும். அது அப்பாவுக்கு நிச்சயமாத் தெரியும். அதனாலதான் கேட்கலை. தலைக்கு மேல ப்ளேன் சுத்திண்டிருந்தது. ஒரு குண்டு வெடிச்சா பேச்சுவார்த்தை போச்சு, ஊர் போச்சு, அந்தக் கப்பல்ல இருக்கற இருபது வயசுப் பசங்க ஒருத்தன் மிஞ்சமாட்டான்னு நெனச்சார். அவர் நெனச்சது தப்புன்னும் என்னால சொல்ல முடியலை. ஆனா தண்டிக்கமாட்டோம்னு சொன்ன வாக்கை யாரும் காப்பாத்தலை. தளவாயை ஜெயில்ல போட்டு, ஊருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து விரட்டினா. அப்பாவையும் வீட்டுக்கு அனுப்பினா. அதுக்கப்புறம் அவர் நன்னாத் தூங்கி நான் பார்த்ததில்லை."

மாலதி சாய் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். சுவரிலிருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்க்கவில்லை.

"உங்கய்யா காப்பாத்துனாவ. இல்லங்கல," என்றார். "வெடிச்சிருந்தா எங்கய்யா அன்னைக்கே முடிஞ்சிருப்பாவ. நான் ஏது? ஆனா கேட்டுட்டுக் காப்பாத்தியிருக்கலாமே சார்."

கிட்டுவுக்கு இருபத்தேழு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது போலவும் இருந்தது, அதை இந்த அம்மாளின் தலையில் வைத்துவிட்டது போலவும் இருந்தது. "மைக்ல எல்லாருக்கும் சொல்லிடறேன். உதுமானும் கேக்கட்டும்," என்றார்.

அப்போது கீழேயிருந்து பேச்சிராஜாவின் குரல் வந்தது. "அம்மா, சாரை அனுப்பு. ஆறு மணிக்கு ஷுரு பண்ணணும், பப்ளிக் வந்தாச்சு."

மாலதி எழுந்து ஜன்னலருகே போனார். முகம் மாறிவிட்டது.

"சார், எம்மவன் இந்தக் கூட்டத்த எதுக்கு வச்சிருக்கான்னு நெனக்கிய? சந்த இடிச்சுட்டுப் புதுசாக் கட்டணும்னு நாளைக்கு வீடு அளக்க ஆபீசருவ வாராவ. பெரியவங்க எல்லாம் உக்காந்து பேசுவோம்னு அவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டோம். இவனுக்கும் இவன் சேக்காளிகளுக்கும் அது ஒத்துவரல. எதுத்த மாடியில தார்ப்பாய் தெரியுதா? அதுக்கடியில நாலு மூட்ட கல்லு. நாம ஆரம்பிச்சா பக்கத்துச் சந்து வரும், அதுக்கடுத்த சந்து வரும்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான். நீங்க போயி, கேட்டிருந்தா ரெண்டு கப்பல் வந்திருக்கும்னு சொன்னா..."

கிட்டுவுக்குப் புரிந்தது. புரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

"பழசயே சொல்லுங்க. யாரும் வரலன்னு."

"அம்மா, நீங்கதானே இப்போ சொன்னேள், கேட்டிருக்கலாம்னு."

"சொன்னேன்."

"உங்கப்பாவுக்கு வந்த கெட்ட பேரு?"

மாலதி சேலைத் தலைப்பால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "கருங்காலியாவே இருந்துட்டுப் போட்டும். அவுக செத்தாச்சு. இவனுக்கு நாப்பது வயசு, ரெண்டு பிள்ள இருக்கு."

கிட்டுவுக்குக் கோபமாக வந்தது. அப்பா மேலா, இந்த அம்மாள் மேலா என்று தெரியவில்லை. சொல்லித் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வந்தவர், படியிறங்கினார்.

சந்தை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில், தாடி நரைத்த ஒருவர் கைத்தடியை முழங்காலுக்கிடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதுமான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஓரத்தில் பேச்சிராஜாவின் சேக்காளிகள் பத்துப் பதினைந்து பேர் உட்காராமல் கைகட்டி நின்றார்கள். மாலதி முதல் வரிசையில் வந்து அமர்ந்தார். கிட்டு, கப்பல்களைப் பற்றியும் ஐந்து நாட்களைப் பற்றியும் தனக்கே கேட்காத குரலில் ஏதோ பேசினார். கை தட்டினார்கள்.

பேச்சிராஜா இன்னொரு மைக்கை எடுத்தான். நிற்கிற பையன்களைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. எங்க தாத்தா எல்லாக் கப்பலையும் கேட்டாரே, எங்களோட யாரு நிக்கீங்கன்னு. நெசமாவே ஒருத்தனும் வரலியா?"

அப்பாவுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. கிட்டுவுக்கு அதுகூட இல்லை. மாலதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்லை," என்றார் கிட்டு.

ஓரத்தில் நின்றவர்களில் நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள். உதுமான் கைத்தடியை ஊன்றி எழுந்தார். மேடையிலிருந்த தளவாயின் படத்தை ஒருதரம் பார்த்தார். மாலதியைப் பார்க்காமல், எதிரிலிருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.