நடு சீட்

எங்கள் வண்டியின் முன்பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம் என்று அதைச் செய்த கம்பெனி சொல்கிறது. சுத்தப் பொய். இரண்டரைப் பேர்தான் உட்கார முடியும். ஓட்டுகிற நான் ஒன்று, ஜன்னலோரம் மச்சான் ஒன்று, நடுவில் மிச்சமிருக்கிற அரை ஆள் என் மனைவி.

பிக்கப் வண்டி. முன்னால் ஒரே நீள சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். சாமானைக் கட்டுவது மச்சான், வண்டி ஓட்டுவது நான், எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சை ஏற்றி இறக்குவது என் மனைவி. மச்சான் அவளுடைய அண்ணன். அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு பீரோ. வெகுகாலம் முன்பு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது தொட்டியின் பின்கதவு திறந்துகொண்டது, பீரோ இறங்கிவிட்டது. இறங்கின இடத்தில் சும்மா நிற்கவில்லை. சரிவில் சறுக்கிக்கொண்டே போய், முனையில் ஒழுங்காகத் திரும்பி, காலையில் நாங்கள் எந்த வீட்டிலிருந்து அதை ஏற்றினோமோ அதே வீட்டு வாசலில் போய் நின்றது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அந்த வீட்டுக்காரம்மா அதைப் பார்த்து, "பீரோவுக்கே போக மனசு வரலையே" என்று விசும்பி, வீடு மாறுகிற யோசனையையே விட்டுவிட்டார். மற்ற சாமான்களையும் திருப்பி இறக்கினோம்.

"நான் கதவைச் சாத்தினேன். டக்குனு சத்தம் வந்தது" என்றார் மச்சான்.

"பூட்டின கதவு எப்படித் திறக்கும்? பீரோ உள்ளேருந்து திறந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அது. அதன்பிறகு எல்லாம் அவள் வழியாகத்தான்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கயிறு லூசா இருக்கு."

"அண்ணே, கயிறு லூசா இருக்காம்."

"எனக்குக் காது கேக்குதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா."

"ஏங்க, அண்ணனுக்குக் காது கேக்குதாம்."

இப்படியே ஊர் ஊராகப் போய் வந்தோம்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இதே வண்டியைப் புதிதாகச் செய்யப்போகிறார்களாம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நேரில் வந்து, அதைச் செய்கிற இன்ஜினியர்களிடமே குறை நிறை சொல்ல வேண்டுமாம். பேசிய பெண் கடைசியில் குஷியாக ஒன்று சொன்னாள். "முன்னாடி நீள சீட்ட எடுத்துட்டு ரெண்டு தனித்தனி சீட்டு வெக்கலாம்னு இருக்கோம் சார். நடுவுல டீ கப் வெச்சுக்க ஒரு பெட்டி வரும்."

என் வண்டியோ தன் கடைசிக் காலத்தில் இருமிக்கொண்டிருந்தது. அடுத்து வாங்கப்போவது இந்தப் புது வண்டிதான். அதில் என் மனைவி இருக்கிற இடத்தில் டீ கப் இருக்கும். டீ கப் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லாது. முதல் திருப்பத்திலேயே எங்கள் தொழில் முடிந்துவிடும்.

"நடு சீட்டு போயிடுச்சுன்னா நாம என்ன பண்றது?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் வீட்டுல படுத்துத் தூங்குவேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். வண்டியில் சாய்ந்துகொள்ள அவளுக்கு இரண்டு தோள்கள் இருந்தன. ஒன்றில் சாய்ந்தால் மற்றது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள். இதை அவளுடைய திறமை என்று நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

கம்பெனிக்கு மூவரும் போனோம். மேட்டை ஏறி இறங்கி, பிறகு நெடுந்தூரம். கேட்டில் எங்கள் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். ஒரு பெரிய கூடம். நடுவில் கதவுகளைக் கழற்றிய பிக்கப் ஒன்று, வைத்தியரிடம் சட்டையைக் கழற்றிய நோயாளி போல நின்றது. அதைச் சுற்றி நாற்காலிகள், காகிதக் கோப்பையில் ஆறிப்போன டீ.

இன்ஜினியர் என்றால் முழு வண்டியையும் செய்கிறவர் என்று எண்ணியிருந்தேன். அங்கே ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவர் கியருக்கு, ஒருவர் பின்கதவுக்கு, ஓர் அம்மாள் சீட்டுக்கு. மூலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் இருந்தார். அவர் சத்தத்துக்காம். எல்லாருமே பல நாள் தூங்காத முகத்தோடு இருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வந்த ஓனர்கள் அவர்களைப் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள்.

கியர்காரர் ஆரம்பித்தார். "கியர் எப்படி விழுது சார்? தயங்காம சொல்லுங்க."

"வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி. அதுலயும் ரெண்டாவது கியர் இருக்கே, நெனச்சாலே விழும்."

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்கு ரொம்ப உழைச்சோம் சார். மத்தவங்க எல்லாரும் ரெண்டாவதுதான் இடிக்குதுன்னு சொன்னாங்க."

"அது இடிக்கும்" என்று பின்வரிசையிலிருந்து என் மனைவி சொன்னாள். "என் முழங்கால்ல இடிக்கும். இவரு தோள் அசையுறப்பவே நான் காலை நகத்திடுவேன். அதான் வெண்ணெய்."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டில் நான் தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினாலும் அவள் கால் நகரும். டிவியில் யாராவது வண்டி ஓட்டினாலும் நகரும். அது வாயுத் தொல்லை என்று எண்ணியிருந்தேன்.

கியர்காரர் மெதுவாகக் கேட்டார். "எவ்வளவு காலமாம்மா?"

"வண்டி வந்ததுலேருந்து."

பேச்சை மாற்ற மச்சான் தொண்டையைக் கனைத்தார். "பின்கதவு பத்தி ஒண்ணு சொல்லணும்மா. அவங்ககிட்ட சொல்லு."

"அண்ணே, அவங்ககிட்ட நீங்களே பேசலாம். அவங்களோட உங்களுக்குச் சண்டை இல்ல."

மச்சான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, பீரோ கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். "சாத்தினேன், டக்குனு கேட்டது, பூட்டிடுச்சு. அப்புறம் ஓட்டினவங்க எப்படி ஓட்டினாங்களோ, யாரு கண்டா" என்று முடித்தார்.

கதவுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். "பழைய வண்டியா? அதுல கொக்கி பாதி மாட்டினாலே டக்குனு சத்தம் வந்துடும் சார். பூட்டின மாதிரியே இருக்கும், மேட்டுல திறந்துக்கும். புதுசுல அத சரி பண்ணிட்டோம்."

மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் மச்சானைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. கையில் பிடித்திருந்த கயிறு சட்டென்று அறுந்தால் மறுமுனையில் இழுத்துக்கொண்டிருந்தவன் எப்படி உட்காருவான்? அப்படி இருவரும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மாட்டினாள். மறுபடியும் கழற்றித் துடைத்தாள்.

"ஏம்ப்பா, இத ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கதவுக்காரரைக் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி அவருக்கானது இல்லை என்று மட்டும் புரிந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியாகச் சீட்டு அம்மாள் எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. நடு சீட்டு வேணுமா, வேண்டாமா? இன்னும் முடிவு பண்ணல. ஓனர்கள் சொல்றதுதான்."

"வேணும்" என்றேன்.

"வேணும்" என்றார் மச்சான்.

பீரோவுக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

"வேணும்ங்குற இந்த ரெண்டு பேர்ல யாராவது அதுல உக்காந்திருக்காங்களான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி.

சீட்டு அம்மாள் எங்களைப் பார்த்தார். சத்தத்துக்காரர்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தார். மச்சான் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"நான் வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். "திரும்பிப் போறப்ப அண்ணன் நடுவுல உக்காரட்டும். அப்புறம் உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லட்டும்."

"அதுதான் சரியான டெஸ்ட்" என்றார் சீட்டு அம்மாள்.

வண்டியில் மச்சானை நடுவில் ஏற்றுவது அந்தப் பீரோவை ஏற்றியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பக்கவாட்டில் திருப்பி, தலையைக் குனியவைத்து, தள்ளி உட்காரவைத்தோம். ஒரு தோள் என் மேல், ஒரு தோள் அவள் மேல். மடியில் அவளுடைய பை. அந்தப் பை எப்போதும் நடு சீட்டில்தான் இருக்கும், அதனால் அவர் மடிக்கு வந்துவிட்டது.

அவள் ஜன்னல் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினாள். காற்று வந்தது. முதல் சிக்னல் தாண்டுவதற்குள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மச்சானும் நானும் சாலையைப் பார்த்துக்கொண்டு போனோம். எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் கயிறு, வழி, வெயில் எதைப் பற்றியும் பேச்சில்லை. பிறகு அந்த மேடு வந்தது. வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு வந்தேன். வண்டி கொஞ்சம் மூச்சுப் பிடித்ததும் இரண்டாவதுக்கு இழுத்தேன். நங்கென்று இடித்தது.

"கால்" என்றேன்.

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

அவர் முனகிக்கொண்டே நகர்த்தினார். கியர் விழுந்தது. அதே நேரம் அந்தப் பக்கம், தூக்கத்தில், ஜன்னலோரம், என் மனைவியின் முழங்காலும் நகர்ந்தது. அங்கே இடிக்க எதுவுமில்லை.

மச்சான் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

முன்னால் ஒரு லாரி திணறியது. மறுபடியும் முதல் கியருக்கு வர வேண்டியதாயிற்று. லாரி ஒதுங்கி வழிவிட்டது. நான் அவள் முழங்காலைப் பார்த்தேன், முதல் கியரிலேயே போனேன். வண்டி உறுமியது, உதறியது, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேட்டை இறங்கி, பீரோ திரும்பிய முனையையும் தாண்டினோம். அப்போதும் முதல் கியர்தான்.

"மாப்ள" என்றார் மச்சான், மெல்லிய குரலில். "ரெண்டாவது போடலையா?"

"விழ மாட்டேங்குது" என்றேன்.

அவர் தங்கையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கம்பெனில சொல்லிடுவோம்" என்றார்.