தக்காளி இலைக்குப் போட்ட தையல்

தையல்காரருக்குக் கறை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அது தெரிந்துதான் மனைவி, "எதையும் தொட்டுடாதீங்க" என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டு, பெரிய அதிகாரியை அழைத்துவர வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கூடத்தில் தக்காளிச் செடிகளை ஆராய்வது அவள் வேலை. இன்று அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் கூடத்தை இடித்து வண்டி நிறுத்த இடம் கட்டிவிடுவார்கள்.

அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தையல்காரர் அதைக் கொடுத்ததும் கிளம்பியிருக்கலாம். என்ன கிரகமோ, நின்றார். நடு மேசைச் செடியின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள். அதிகாரி வரும் நேரத்தில் இப்படியா மானம் போவது? பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். நறுக், நறுக். புள்ளி விழுந்த இலை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

போன் அடித்தது. மனைவிதான்.

"வந்துட்டே இருக்கோம். நடு மேசைச் செடி பத்திரம். அந்தப் புள்ளிங்கதான் என் உசுரு."

"அது நோய் இல்லையா?"

"கிருமி நுழைஞ்ச இடத்தைச் செடி தானே சாகடிச்சுக்குது. சுத்தி எல்லாம் செத்துட்டா கிருமிக்குத் திங்க ஏது? அங்கேயே பட்டினி கிடந்து முடிஞ்சுடும். புள்ளி பரவலைன்னு காட்டத்தானே அவரைக் கூட்டிட்டு வர்றேன்!"

போனை வைத்ததும் தையல்காரர் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். காலரில் செருகியிருந்த ஊசியை உருவி, வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருத்தி, பச்சை நூலால் இலைகளைத் தைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளைக் கோட்டுக்குக்கூட அவர் இத்தனை நுணுக்கம் காட்டியதில்லை. கடைசி இலைக்கு வரும்போது பச்சை நூல் தீர்ந்தது. பாவம், சிவப்புதான் இருந்தது.

அதிகாரி பூதக்கண்ணாடியோடு வந்து குனிந்தார்.

"அடடே, எல்லாப் புள்ளியும் கடுகளவுலயே நின்னுடுச்சே! பிரமாதம்மா. கூடத்தை யாரும் தொட மாட்டாங்க."

தையல்காரருக்கு உயிர் வந்தது. அதற்குள் அதிகாரி கடைசி இலைக்குப் போய்விட்டார்.

"இதென்ன, சிவப்பா... நூலா?"

மனைவி செடியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவர் ஊசி குத்திய விரலைச் சப்பிக்கொண்டு கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அது எங்க வீட்டுலேருந்து வந்த பாதிப்பு சார்," என்றாள் நிதானமாக. "அதைத் தடுக்கிற வழி இன்னும் எந்தச் செடிக்கும் தெரியல. கல்யாணமானதிலேருந்து நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்."