பால்கனியில் விரித்த துண்டு

“ஊத்தல. நான் ஊத்தல.”

“கையில சொம்பு. கீழ ஈரத் துண்டு. வேற யாரு ஊத்துனா, பக்கத்து வீட்டுப் பூனையா?”

“சொம்பு நிறைய இருந்துச்சுங்க. தளும்பத் தளும்ப இருந்துச்சு. நீங்கதான் கையப் பிடிச்சு இழுத்துக் கொட்டிவிட்டீங்க.”

“நிறைய இருந்தத நான் பாக்கல.”

“பாக்காம ஏன் இழுத்தீங்க?”

“ஊத்தறதுக்கு இல்லாம எதுக்கு சொம்போட வந்த?”

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டாள்.

பால்கனி என்று பெயர்தான். துணி துவைக்கிற மெஷினை வைத்த பிறகு அதில் ஒருவர் நிற்கலாம். கணவனும் மனைவியுமாக நின்றால் சண்டைதான் போடலாம். அப்போதுதான் விடிந்திருந்தது. எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களில் பாதி இன்னும் இருட்டாகவே இருந்தன. அவர் குனிந்து தரையில் விரித்திருந்த துண்டை எடுத்தார். எடுத்தவர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிற அவசரத்தில் அதை முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கித் தரையில் விழுந்து, சொம்பிலிருந்து கொட்டியதோடு சேர்ந்து மூலையிலிருந்த துவாரத்தை நோக்கி ஓடியது. பிழிந்து முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். கூட வேலை செய்கிறவர்களிடம் ஓயாமல் சொல்லுவார்: பழுதான இடத்துல கைய வைக்காத, மொதல்ல கண்ண வை. இப்போது அவரே கையை வைத்துவிட்டார். தரை முழுக்க ஈரம். எது எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

“தரை காஞ்சிருந்துச்சா?” அவர் குரல் இறங்கிவிட்டது.

“காஞ்சிருந்துச்சு.”

“சுத்தியும்?”

“சுத்தியும். துண்டு மட்டும்தான் ஈரம்.”

“அத நீ சொல்ற.”

“நான்தானே பாத்தேன். நான்தான் சொல்லணும்.”

அவருடைய வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் ஓர் இடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டரம்மா படம் வரைந்து காட்டினாள். அறுத்துச் சரிசெய்யலாம், ஆனால் அவர் இதயம் இருக்கிற இருப்பில் மேஜையிலேயே போய்விடவும் கூடும். அறுக்காமல் விடலாம், அது எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு, “முடிவு உங்களோடதுங்க” என்றாள். மற்றதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவருக்கு அந்தக் கடைசி வார்த்தையில்தான் கோபம் வந்தது. “படிச்சவங்க அவங்க. கத்தி புடிக்கிறவங்க அவங்க. முடிவு மட்டும் என்னோடதா?” என்று வீடு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

சபைப் போதகரிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர். இருவர் தலையிலும் கைவைத்து ஜெபித்துவிட்டு, “ரெண்டு பாதையையும் ஆண்டவருக்கு முன்னால வச்சு ஜெபிங்க ஐயா. எந்தப் பக்கம் மனசுல சமாதானம் வருதோ, அந்தப் பக்கம் போங்க” என்றார். லிஃப்ட்காரர் அப்படியே செய்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று நினைத்துப் பார்ப்பார். பயமாக இருக்கும். வேண்டாம் என்று நினைத்துப் பார்ப்பார். அதற்கும் பயமாக இருக்கும். “பயத்துக்குப் பக்கமே கிடையாது போலிருக்கு” என்று அவளிடம் சொன்னார். வேறு ஊரில் இருக்கிற மகள் தினமும் ஃபோனில் கேட்கிறாள், அப்பா என்ன முடிவு பண்ணினார் என்று. ஜெபத்துல இருக்காரு என்று சொல்லிச் சொல்லி இவளுக்கு வாய் சலித்துவிட்டது.

அப்போதுதான், பைபிளில் ஒருவன் ராத்திரி ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு ஆண்டவரிடம் அடையாளம் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? யாரிடமும் சொல்லாமல் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துப் பால்கனித் தரையில் விரித்தார். காலையில் துண்டு நனைந்து தரை காய்ந்திருந்தால் ஆபரேஷன். இல்லையென்றால் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் எழுந்தது அவள். தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத மனுஷன் என்று முனகிக்கொண்டே மெஷினுக்குள் போட்டுச் சுற்றவிட்டுவிட்டாள். அவர் எழுந்து வந்து, வட்டக் கண்ணாடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆண்டவருடைய பதில் சோப்பு நுரைக்குள் புரள்வதை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

நேற்று மறுபடி விரித்தார். இன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். வருகிறோம் என்றால் படுக்கை இவர்களுக்கு. இல்லையென்றால் அடுத்தவருக்கு.

“சரி,” என்றாள் அவள். “ஊத்தத்தான் வந்தேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“ஊத்தத்தான் வந்தேன், ஆனா ஊத்தல. எத்தன நாளா மழையில்ல, பனியில்ல. துண்டு எப்படி நனையும்? நனையாதுன்னு தெரிஞ்சேதான் விரிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். அதான் மன்னிச்சிடும் ஆண்டவரே, ஒரே ஒரு தடவைன்னு சொல்லிக்கிட்டே சொம்ப எடுத்துட்டு வந்தேன். குனிஞ்சு தொட்டுப் பாத்தேன். நனைஞ்சிருந்துச்சு.”

அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஈரம் அவள் கைக்குப் பழக்கம். தெளித்த ஈரம் புள்ளி புள்ளியாக நிற்கும். ஊற்றிய ஈரம் ஒரு பக்கமாக இறங்கி ஓரத்தில் கனக்கும். இந்தத் துண்டு அப்படி இல்லை. நான்கு ஓரமும் நடுவும் ஒரே மாதிரி, யாரோ பொறுமையாக உட்கார்ந்து நனைத்த மாதிரி குளிர்ந்திருந்தது. அவள் வருகிற சத்தம் கேட்டு இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி. அவள் கையெல்லாம் புல்லரித்தது. ஆண்டவர் பெயரில் ஒரு பொய் செய்ய வந்த இடத்தில் அந்த ஆண்டவரே தனக்கு முன்பே வந்து நின்றிருந்தார் என்று தோன்றியதும், சொம்போடு திரும்பி ஓடிவிடத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

லிஃப்ட்காரர் அண்ணாந்து பார்த்தார். மேல்வீட்டுப் பால்கனிக் கம்பிகளுக்கு வெளியே செடிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

“மேல் வீட்டம்மா!”

கம்பிகளுக்கு மேல் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பூந்தொட்டியம்மா. தொட்டித் தண்ணீர் கீழே காயும் துணியில் சொட்டுகிறது என்று இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய், கிறிஸ்தவள் தானே முதலில் பேச வேண்டும் என்று இவள் போய்ப் பேசி, அது மறுபடி சண்டையாகி, அப்படியே நின்றிருந்தது.

“என்னங்க காலங்காத்தால?”

“தொட்டிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?”

“நானா? நான் ஊத்தவே இல்ல. இந்த வாரம் பூரா ஊத்தல. எப்ப பாத்தாலும் எங்க வீட்டையே சொல்லுங்க!”

“ஊத்தியிருந்தா பரவால்லம்மா. சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

“தெரிஞ்சுக்கிட்டு அசோசியேஷன் செக்ரட்டரிகிட்டப் போய்ச் சொல்லுவீங்க. எனக்குத் தெரியாதாக்கும்!” முகம் மறைந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“வாரம் பூரா ஊத்தலன்னா அந்தச் செடி ஏன் இப்படிப் பச்சையா நிக்குது?” என்றார் அவர்.

“அவங்களே ஊத்தியிருக்கட்டும். இன்னிக்குப் பாத்து, இந்தத் துண்டுமேல மட்டும் விழற மாதிரி, அவங்களை ஊத்த வச்சது ஆண்டவர்னு எடுத்துக்கக் கூடாதா?”

“அப்ப உன்ன ஊத்த வச்சதும் அவர்தானே?”

“நான் ஊத்தலன்னு எத்தன தடவ சொல்றது?”

அவர் துண்டை உதறினார். அதை மெஷினின் மேல் விரித்து, சுருக்கம் நீவி, நான்கு மூலையையும் இழுத்துவிட்டார். வெறுமனே நிற்க முடியாதபோது அவர் கை எதையாவது சரிசெய்துகொண்டிருக்கும்.

“இன்னொரு ராத்திரி போடலாம்,” என்றார். “சிஸ்டர்கிட்ட ஒரு நாள் கேக்கலாம். காஞ்ச துண்டா எடுத்து, கதவப் பூட்டிச் சாவிய நானே வச்சுக்கிறேன்.”

“வயித்துக்குள்ள இருக்கறது ஒரு நாள் தாங்குமா? அதையும் அவர்கிட்டக் கேட்டீங்களா?” என்றாள் அவள். “லிஃப்ட்ல கயிறு நூல்நூலாப் பிரிஞ்சு நிக்குதுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? உள்ள ஆளை வச்சுக்கிட்டு, ஆண்டவரே அடையாளம் காட்டும்னு துண்டு விரிப்பீங்களா?”

“அது இரும்பு.”

“இது நீங்க! பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் தூக்கி அவர் தலையில போடாதீங்க.”

சொன்னபிறகு, இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாள். மேலே கதவு லேசாகத் திறக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டு போகட்டும்.

அவர் பால்கனிப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு கை தானாக வயிற்றின்மேல் போனது. டாக்டரம்மா படம் வரைந்து காட்டிய நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான், அடிக்கடி அங்கே போய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும்.

“பயம்தான்,” என்றார். “லிஃப்ட் நடுவுல நின்னுபோனா உள்ள இருக்கறவங்க கதவத் தட்டுவாங்க, கத்துவாங்க, சில பேர் அழுவாங்க. நான் வெளிய நின்னு, பயப்படாதீங்க, இதோ தெறந்துடறேன்னு சொல்லுவேன். வாழ்க்கை பூரா வெளிய நின்னுதான் சொல்லியிருக்கேன். உள்ள இருந்ததே இல்ல. அந்த மயக்க மருந்து குடுத்தாங்கன்னா தட்டக்கூட முடியாதே.”

அவள் அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அவர் தோளைத் தொட்டாள். அது வியர்த்திருந்தது.

“இப்ப நீங்க பயப்படறத விட நான்தான் அதிகம் பயப்படறேன்,” என்றாள். “துண்டு காஞ்சு கெடந்திருந்தா எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. நனைச்சிருப்பேன், பொய் சொல்லியிருப்பேன், உங்களக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பொய்ன்னா எனக்குத் தெரியும், நான் பண்ணது. இது நான் பண்ணல. நெஜமாவே அவர் பண்ணது. அவர் நம்மளப் போகச் சொல்றாரு.”

“போகச் சொல்றாரு,” என்று அவர் திரும்பச் சொன்னார். மெஷினின் விளிம்பில் தொங்கிய துண்டின் மூலையில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் நின்றது.

“நான் போகலாமான்னு மட்டும்தான் கேட்டேன்,” என்றார். “திரும்பி வருவேனான்னு கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு.”

உள்ளே ஃபோன் அடித்தது. இருவருமே திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டு மேஜையின்மேல் அது அடித்து, அதிர்ந்து, நகர்ந்து விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் எழப் போனாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பிடித்த அதே இடம், இன்னும் சிவந்திருந்தது. இந்தமுறை மெதுவாகத்தான் பிடித்தார்.

“நான் வரேன்னு சொல்லு,” என்றார். “சொல்லிடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். உள்ள போன நான் திரும்பி வரலன்னு வை. அந்தத் தண்ணிய யாரு ஊத்துனான்னு மககிட்டச் சொல்லுவ?”