கைப்பிடி உப்பு

வேதாந்தம் பெருமாளுக்குத் தளிகை பண்ண ஆரம்பித்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் தான் சமைத்ததை அடுப்படியில் ருசி பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. பெருமாள் அமுது செய்யும் முன்னால் நாக்கில் வைப்பது இருக்கட்டும், வாசனை பிடிப்பதே அபசாரம் என்று மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் மடப்பள்ளிக்குள் நுழைவார்கள். திருப்பதியில் ஒரு மடத்துக்குச் சொந்தமான சின்னக் கோயில் அது. உப்பு, புளி, காரம் எல்லாவற்றுக்கும் கைதான் கணக்கு. வேதாந்தத்தின் புளியோதரையில் தளிகைக்கு இரண்டு பிடி கல்லுப்பு. கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கைமணம் என்றால் இதுதான் என்று தெருவே சொல்லும். அவரும் காதில் வாங்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

அதனால்தான் கீமோவின் இரண்டாவது தவணையில் நாக்கு செத்துப்போனபோது அவர் சிரித்தார். சோறு இரும்பாகவும் காபி சுண்ணாம்பாகவும் இருந்தது.

"போனாப் போறது, யதுகிரி. இந்த நாக்கு மடப்பள்ளில என்னைக்கு வேலை பார்த்தது?" என்றார் மனைவியிடம்.

இடுப்பு வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தவர் அவர். அண்டா தூக்கிய வலி என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். சித்தூரில் இருக்கும் மகள் அலர்மேல்தான் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். புராஸ்டேட்டில் புற்று, எலும்பு வரைக்கும் போயாகிவிட்டது, அடியோடு எடுக்க முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். அடக்கி வைப்பதற்குத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் இந்த மருந்து. முதல் வாரம் படுக்கை. இரண்டாவது வாரம் கூட்டத்தில் போகக் கூடாது, காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்றாவது வாரம் கொஞ்சம் தெம்பு வரும். அந்த ஒரு வாரம்தான் அவர் மடப்பள்ளிக்குப் போவார். மற்ற இரண்டு வாரமும் தம்பியின் பிள்ளை பார்த்தா மடப்பள்ளியைக் கவனித்துக்கொண்டான். குடுமி மொத்தமும் உதிர்ந்துபோனதை ஒருத்தரும் கேட்கவில்லை. திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நாக்கு போனது பற்றிக் கவலைப்படாதவர், மூன்றாவது தவணைக்குப் பிறகு விரல் போனதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பத்து விரல் நுனியும் மரத்துவிட்டன. துண்டைத் தொட்டாலும் தூணைத் தொட்டாலும் ஒன்றுதான்.

டாக்டர் அகிலா கேட்காமல் இல்லை. "சார், விரல் மரத்துப்போகுதா? சட்டை பட்டன் போட முடியுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"பட்டனா? அதுல ஒண்ணும் கஷ்டமே இல்லைம்மா" என்பார் வேதாந்தம். பொய்யில்லை. மனுஷர் சட்டை போட்டே நாற்பது வருஷம் ஆகிறது. வேஷ்டிக்கும் உத்தரீயத்துக்கும் பட்டன் ஏது?

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மருந்தைக் குறைப்பார்கள். நோயின் அளவைக் காட்டும் ரத்தக் கணக்கு, பி.எஸ்.ஏ., இருநூற்று நாற்பதிலிருந்து அறுபதுக்கு இறங்கியிருந்தது. அதைக் கைவிட மனசில்லை. இல்லாவிட்டால், உணர்ச்சியில்லாத கையோடு அடுப்புப் பக்கம் போகாதே என்பார்கள். அதை விட்டால் பிறகு எதற்குப் பிழைப்பது? இரண்டில் ஒன்றையும் விட மனசு வராமல் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கை ஏமாற்றியது. பிடியில் உப்பின் பரல் நெருடினால்தானே இவ்வளவு என்று தெரியும்? விரலிடுக்கில் சிந்திவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அள்ளியது போதாதோ என்று இன்னொரு சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று மேலே அரைப் பிடி போடுவார்.

கீமோ வார்டில் பக்கத்து நாற்காலிக்காரர் ஏழுமலை. கார்வேட்டிநகரத்துக்கு அடுத்த ஒரு கிராமம். அப்பன் காலம் வரை அடுத்தவன் நிலத்தில் கூலி. இவர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு ஏக்கர் மாந்தோப்பு. அதே நோய், அதே மருந்து, அதே செத்த நாக்கு. மனைவி ரத்னம்மாவோடு புத்தூர் வழியாகப் பஸ் பிடித்து வருவார். நாலாவது தவணையன்று வேதாந்தம் ஒரு தொன்னை புளியோதரையை அவரிடம் நீட்டினார். ஏழுமலை ஒரு வாய் போட்டார். கண் விரிந்தது.

"இன்னா சாமி இது! ரெண்டு மாசமா மண்ணு துன்னுக்கினு கெடந்தேன். உன் சோறுதான் சாமி நாக்குல ஒறைக்குது!"

வேதாந்தத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அது என் கையில்லை ஏழுமலை, பெருமாள் கடாக்ஷம்" என்றார், உள்ளுக்குள் கைதான் என்று நினைத்துக்கொண்டு. ரத்னம்மாவும் ஒரு வாய் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், தின்றாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று பாதி குடித்தாள். வெயிலில் வந்த களைப்பு என்று வேதாந்தம் நினைத்தார்.

அந்தத் தவணையின் மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை, தளிகை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவருக்குக் கால் ஓய்ந்துபோக, பிராகாரத்தில் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தார். பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் தொன்னையை வாங்கினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், தின்றார்கள், நேரே குழாய்க்கு வந்தார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையே நின்றது. ஒரு பெரியவர் இரண்டு கையாலும் ஏந்தி ஐந்து மடக்குக் குடித்தார்.

பிரசாதம் எப்படி இருக்கிறது என்று வேதாந்தம் தெலுங்கில் கேட்டார்: "பிரசாதம் எலா உந்தண்டி?"

"அம்ருதம், ஸ்வாமி!" என்று சொல்லிவிட்டு அவர் ஆறாவது மடக்கைக் குடித்தார்.

வேதாந்தம் நாற்பது பேரை எண்ணினார். முப்பத்தேழு பேர் குழாய்க்கு வந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் குறை இல்லை, ஒரு தொன்னையிலும் மிச்சம் இல்லை. பெருமாள் அமுது செய்ததில் யார் குறை சொல்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "யதுகிரி, உப்பு ஜாஸ்தியா?" என்றார்.

"எதுல?"

"எதுலன்னு உனக்குத் தெரியும்."

யதுகிரி முறத்தைக் கீழே வைத்தாள். "பெருமாள் பிரசாதத்துல குறை சொல்லலாமோ?"

"நான் பெருமாளைக் கேக்கலை, உன்னைக் கேக்கறேன்."

அவள் போட்டு உடைத்தாள். "ஒரு மாசமா நீங்க கொண்டு வர்றதுல வெறும் சாதத்தைப் பிசைஞ்சுதான் சாப்பிடறேன். வாயில வெக்க முடியலை. கரிக்கறது."

"ஒரு மாசமாவா? வாயில கொழுக்கட்டையா வெச்சிண்டிருந்தே?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு வாரம் செத்த பொணமாட்டம் கிடக்கறேள். மூணாவது வாரம் கோயிலுக்குப் போகணும்னுதான் எழுந்து உக்கார்றேள். அதையும் பிடுங்கிட்டா நீங்க எழுந்திருக்கவே மாட்டேள்னு பயந்தேன். போதுமா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள்.

வேதாந்தத்துக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்தது. பெருமாளுக்கு ஒரு மாசம் உப்பைக் கொட்டிவிட்டு, ஊரார் புகழ்ச்சியைக் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றோமே என்று உடம்பு கூசியது. இரண்டு கையையும் அவள் முன்னால் விரித்தார். "விரல் செத்துப்போச்சு, யதுகிரி. மூணாவது தவணையிலேர்ந்து" என்றார்.

அவ்வளவுதான். அழுகை எங்கே போயிற்றோ! "அடப்பாவி மனுஷா! என்னை ஊமைங்கறேளே, நீங்க மட்டும் என்னவாம்?" என்று பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையிலேயே டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அகிலா ஒரு குண்டூசியால் விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பத்து விரலிலும் குத்துவது அவருக்குத் தெரியவில்லை. "பட்டன் போட முடியுதுன்னு சொன்னீங்களே சார்?"

"அவர் சட்டையே போடறதில்லைம்மா" என்றாள் யதுகிரி.

அகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் முன்னாலேயே அளவைக் குறைத்திருக்கலாம் என்றாள். இனிமேல் மருந்தைக் குறைத்துக் கொடுப்பதாகவும், நோய் அடங்கித்தான் வருவதால் அதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். விரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மாதக்கணக்கில் ஆகும். "அடுப்புக்கிட்டே கையைக் கொண்டுபோகாதீங்க. சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது."

அண்டா இறக்குவது, தாளிப்பது எல்லாம் இனிப் பார்த்தாவின் வேலை என்று முடிவாயிற்று. ஆனால் உப்பு? பார்த்தாவின் கை சின்னக் கை, அவன் இரண்டு பிடி வேறு, இவர் இரண்டு பிடி வேறு.

மறுநாள் காலை யதுகிரி உப்பு ஜாடியோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "கையை நீட்டுங்கோ."

"அதான் ஒண்ணும் தெரியலையே."

"உணர்ச்சிதானே போச்சு? கை அதே கைதானே? அதோட அளவு எங்கே போகும்?"

அவர் உள்ளங்கையில் உப்பைக் கொட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், பெருவிரலை மேலே வைத்து அழுத்தினாள், பிதுங்கியதைத் தட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அவளுக்குத் தெரியும். அவள் விரல் தன் விரல்மேல் இருப்பதை வேதாந்தம் கண்ணால்தான் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷத் துணை தொடுகிறாள், துணி தொடுவது போலக்கூட இல்லை. உப்பு கரித்ததற்கு அழாத மனுஷர் அதற்கு அழுதுவிட்டார். அவள் பார்த்தும் பார்க்காதவளாகப் பிடியை ஒரு வெங்கலக் கிண்ணத்தில் கவிழ்த்து, உப்பு நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினாள். அந்த அளவுக்குக் கணக்குப் பார்த்து வீட்டிலேயே கொஞ்சம் புளியோதரை பண்ணினாள். வீட்டில் யார் தடுப்பது, ருசி பார்த்தாள்.

"இதேதான். இதுதான் உங்க கை" என்றாள்.

அடுத்த மூன்றாவது வாரத்தில் வெங்கலக் கிண்ணம் மடப்பள்ளிக்குப் போயிற்று. பார்த்தா கிளறினான், வேதாந்தம் கோடு பார்த்து இரண்டு கிண்ணம் உப்பு போட்டார். அன்றைக்கும் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தார். நாலைந்து பேர் கை கழுவ வந்தார்கள். இருந்தாலும் அவர் மனசு ஆறவில்லை. நல்லாயிருக்கு என்று சொல்கிறவர்களைத்தான் இனிமேல் நம்ப முடியாதே!

ஆறாவது தவணையன்று ஏழுமலை நாற்காலியில் சாய்ந்தபடியே கையை நீட்டினார். ஆறு வாரமாக இதற்காகவே காத்திருந்தாராம். ஒரு வாய் போட்டார், மென்றார், முகம் சுருங்கியது.

"இன்னா சாமி, ஏமாத்திப்புட்ட? உப்பே இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு தெரியாதா உனக்கு? சப்புனு கீது, சாமி!"

"கம்முனு கெட, யோவ்!" என்று பதறிய ரத்னம்மா தொன்னையை வாங்கித் தானும் ஒரு வாய் போட்டாள். மென்றாள். இன்னொரு வாய் போட்டாள். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. வழித்துத் தின்றுவிட்டு, "இன்னொரு தொன்னை கீதா சாமி?" என்றாள்.

வேதாந்தம் சிரித்தார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது கூட மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்து நாற்காலிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. இன்னொரு தொன்னையை ரத்னம்மாவிடம் எடுத்துக் கொடுத்தார். பிறகு யதுகிரி எதற்கும் இருக்கட்டும் என்று வாழை இலையில் மடித்து நாரால் கட்டி வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து ஏழுமலையிடம் நீட்டினார்.

"பெருமாள் அமுது பண்ணியாச்சு. இனி உமக்கு வேணுங்கறதை நீரே போட்டுக்கொள்ளும்."

ஏழுமலை பொட்டலத்தைப் பிரிக்கப் பார்த்தார். முடிச்சு அவர் விரலுக்கு அகப்படவில்லை. "எனக்கும் வெரல் மரத்துப் போச்சு, சாமி" என்றார், யாருக்கும் கேட்காமல்.

"டாக்டர்கிட்ட சொன்னீரா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். வேதாந்தம் ஊசி குத்தாத கையை உயர்த்தி, வார்டே கேட்கும்படி, "அகிலாம்மா! கொஞ்சம் இங்கே வாங்கோ!" என்று கூப்பிட்டார்.